ரஜ்ஜுப் பொருத்தம்

மேற்கு மாரெட்பள்ளியில் அவரைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. காலையில் நேரு நகர் பூங்காவைச் சுற்றி நடப்பவர்களில் யார் இடது கையை மட்டும் மடக்கி, கோயிலில் தீர்த்தம் வாங்கிக்கொண்டவர் மாதிரி நெஞ்சுக்கு நேரே ஏந்திக்கொண்டு நடக்கிறாரோ, அவர்தான். கையில் வலியெல்லாம் கிடையாது. தொங்கவிட்டால் வாட்ச் விரல் வழியாக இறங்கி நடைபாதைக்குப் போய்விடும், அவ்வளவுதான். சில நாட்களில் அதே கை விறைப்பாகத் தொங்கும். விரல் நுனியெல்லாம் லேசாக நீலம் பாரித்திருக்கும். அன்றைக்குக் கட்டியிருப்பது வேறு வாட்ச், வேறு செயின். மற்றவர்களுக்கு வருஷத்தில் ஆறு பருவம் என்றால் அவருக்கு இரண்டுதான்: தளர்ந்த செயின் பருவம், இறுகிய செயின் பருவம்.

"மணி என்ன மாமா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்ப்பார். சாவியை நாலு சுற்றுச் சுற்றுவார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து மொபைலை எடுத்து மணி சொல்வார்.

பழைய வாட்ச் வாங்குபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் செகந்தராபாத் தமிழர்களிடம் அது கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ரயில்வே, கன்டோன்மென்ட், பாங்க் என்று வேலைக்கு வந்து தங்கிய குடும்பங்கள். மூன்றுமே நேரத்துக்குக் கட்டுப்பட்ட உத்தியோகம். அதனால் வீட்டுக்கு வீடு பீரோ லாக்கரில், பழைய பாஸ்புக்குக்கும் வெள்ளிக் குங்குமச் சிமிழுக்கும் நடுவில், ஒரு வாட்ச் கிடக்கும். தாத்தாவின் வெஸ்ட் எண்ட், அப்பாவின் ஃபேவர் லூபா, பெரியப்பா கட்டிக்கொண்டே ரிடையரான ஹெச்.எம்.டி. ஜனதா. மற்றவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். மாமா வைக்கவில்லை. அங்கேதான் ஆரம்பித்தது.

மாமா உத்தியோகம் பார்த்தது ரயில் நிலயத்தில். மாம்பலத்து உறவுக்காரர்கள் அவரை ஸ்டேஷன் மாஸ்டர் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1966-ல் தொடங்கிய தென் மத்திய ரயில்வேக்குச் செகந்தராபாத்தில் இருக்கும் தலைமையகக் கட்டடத்தின் பெயரே அதுதான் என்று கல்யாணம் கல்யாணமாக விளக்கி அலுத்துப்போய், பிறகு "ஆமாம், ஸ்டேஷன்தான்" என்று விட்டுவிட்டார். பார்த்தது கணக்குப் பிரிவு. ஒரு பைசா இடித்தாலும் விடாத கை. அந்தக் கை இன்று ஒரு மில்லிமீட்டரிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது.

சேகரம் முழுவதும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. மொத்தம் இருபத்து மூன்று. மாமியின் கணக்கில் பதினாறு. அந்த ஏழு வித்தியாசத்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்பது மாமிக்குத் தெரியாது.

டப்பாவைத் திறந்துவிட்டால் கதை பெங்களூரில் 1961-ல் தொடங்கும். ஜப்பான் சிட்டிசனோடு சேர்ந்து ஹெச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பித்தது, ஜனதாவும் பைலட்டும் கோஹினூரும் வந்தது, 1987-ல் ஓசூரிலிருந்து டைட்டன் குவார்ட்ஸோடு கிளம்பியதும் சாவி கொடுக்கும் சாதிக்கே கெட்ட காலம் பிறந்தது, 2016-ல் ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது என்று வந்து நிற்கும். கடைசி வரியைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ஒரு ஜனதாவை எடுத்துத் துடைத்துவிட்டு, "17 ஜுவல்" என்பார்.

"பதினேழு ஜுவலாம். எனக்கு ஒரு தோடு மாத்தித் தரேன்னு சொல்லி எத்தனை வருஷமாச்சு, கேளு," என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

அந்த ஜுவல் செயற்கை மாணிக்கக் கல், சக்கரத்தின் அச்சு தேயாமல் சுழல்வதற்காகத் துளையிட்டு வைத்தது, எல்லாம் சேர்த்தாலும் ஒரு மூக்குத்திக்குக்கூடக் காணாது என்று மாமா ஒருமுறை விளக்கம் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. "அப்போ இத்தனை பணம் எதுக்குக் கொடுத்தேள்?" என்ற அடுத்த கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

போன மாதம் வந்தது அல்வின். இதை நம் ஊர் வாட்ச் என்றே சொல்லலாம். ஹைதராபாத் அல்வின் 1942-ல், நிஜாம் காலத்தில் பிறந்த கம்பெனி. இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பஸ் பாடி என்று செய்யாத சாமான் இல்லை. 80-களில் ஜப்பான் சீக்கோவின் தொழில்நுட்பத்தில் கைக்கடிகாரமும் செய்தார்கள். பீரோவும் வாட்ச்சும் ஒரே பெயரில் வந்த ஊர் இது என்பதில் மாமாவுக்குத் தனிப் பெருமை. ஒருத்தர் விசாகப்பட்டினத்திலிருந்து படம் அனுப்பியிருந்தார். டயல் தெளிவு, முள் சரி, சாவி புதிது. கூடவே நேர்மையாக ஒரு வரி: வாட்ச் நன்றாக ஓடும், ஆனால் செயின் உங்கள் கைக்குச் சேருமா என்று சொல்ல முடியாது.

உங்களையும் என்னையும் போன்றவர்கள் இந்த வரியில் நிறுத்திக்கொள்வோம். மாமா மாதிரி ஆட்கள் இந்த வரியில்தான் ஆரம்பிப்பார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். டயலில் எழுத்துப் பளபளப்பாக இருந்தால் புதுசாக அச்சடித்து ஒட்டியது என்பார். அநேகமாக அது உண்மையாகவும் இருக்கும். செயின் சேராது என்றால்தான் சரக்கு அசல்.

மாமியின் ரவிக்கை அளவெடுக்கும் டேப்பை எடுத்து மணிக்கட்டைச் சுற்றினார். ஏழு அங்குலம். செயின் ஆறேகால். "முக்கால் அங்குலம்தானே," என்றார். பெண் ஒரு விரற்கடை உயரம் அதிகம் என்று கேள்விப்பட்ட பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி சமாதானம். இது மே மாதத்துக் கை, வெயிலில் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும், டிசம்பரில் சேரும் என்றும் ஒரு வாதம். ஆறு மாதம் காத்திருக்க முடியாமல் மறுநாள் சாயங்காலம் மறுபடி அளந்தார். ஏழேகால்.

அந்தக் காலத்துக் கை சின்னதா, இந்தக் காலத்துக் கை பெரிசா என்று நான் கேட்டிருக்கிறேன். அந்த நாளைய வாட்ச்சே 35 மில்லிக்குள்தான். உஸ்மானியா பிஸ்கட் அதைவிடப் பெரிசு. செயினை வாங்கியவன் கைக்குத் தகுந்தபடி கடைக்காரன் நாலு கண்ணியைக் கழற்றிக் கொடுத்திருப்பான். அந்த நாலு கண்ணி எந்த வீட்டு மேஜை டிராயரில், எந்த ஊசி டப்பாவில் கிடக்கிறதோ. மாமா இப்போது தேடுவது விசாகப்பட்டினத்து யாரோ ஒருவரின் டிராயரில் கிடக்கும் அந்த நாலு கண்ணியைத்தான்.

கிடைக்காது என்று தெரிந்ததும் சித்தாந்தம் பிறந்தது. "அல்வினுக்கு சீக்கோ செயின் உட்காரும்பா. ரெண்டும் ஒரே ஜாதகம்."

"மிஷின் ஜாதகம் ஒண்ணு, மாமா. செயின் மாட்டறது கேஸோட காதுலேன்னா?"

"தினப் பொருத்தம் இருக்கு, கணப் பொருத்தம் இருக்கு. நீ வா."

ஞாயிற்றுக்கிழமை எர்ரகட்டா சந்தைக்குப் போனோம். பரேடு கிரவுண்டில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டையில் மாறி, எர்ரகட்டாவில் இறங்கினால் தெருவோரம் முழுக்கக் கடை. பழைய சைக்கிள், மிக்ஸி ஜார், ஒற்றை ஷூ, டி.வி. ரிமோட். வாட்ச் செயின்கள் ஒரு சாக்கின் மேல், சந்தையில் நெத்திலி குவித்த மாதிரி. மாமா உட்கார்ந்துவிட்டார். விலை கேட்டது தெலுங்கில், பேரம் பேசியது ஹிந்தியில். வாங்கிய பிறகு வருத்தப்பட்டது மட்டும் தமிழில். இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு இந்த மும்மொழிக் கொள்கை ரத்தத்தில் ஊறியது. கடைக்காரன் ஐந்நூறில் ஆரம்பித்தான், முந்நூறில் முடிந்தது. கொக்கியில் சீக்கோ என்ற எழுத்து. பக்கத்தில் கிடந்த இன்னொரு செயினிலும் சீக்கோ. மூன்றாவதில் ஒரு பக்கம் சீக்கோ, மறு பக்கம் சிட்டிசன். அதைப் பார்த்தும் மாமா முகம் மாறவில்லை.

அங்கிருந்து நேரே மணிக்கூண்டு. 1897-லிருந்து செகந்தராபாத்துக்கு மணி சொல்லிக்கொண்டிருக்கும் கோபுரம் அது. அதற்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு சந்தில் வாட்ச் ரிப்பேர் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் பெட்டிக்கடை. வலது கண்ணில் லென்ஸ், இடது கண்ணில் பொறுமை. மாமாவைப் பார்த்ததும் சலாம் சொல்லி, முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டார். பழக்கம்.

செயினைக் கையில் வாங்கினார். முனையில் இருக்கும் வளைந்த தகட்டை வாட்ச்சின் இரண்டு காதுக்கும் நடுவே வைத்து மெதுவாக அழுத்தினார். போகவில்லை. திருப்பி வைத்தார். போகவில்லை. ஒரு சின்ன எவர்சில்வர் ஸ்கேலை எடுத்தார். வாட்ச் காதுகளுக்கு நடுவே 18 மில்லி. செயின் 19. ஒரு மில்லி என்பது ஒரு அரிசிமணியின் பருமன்கூட இல்லை. அதைத் தாண்டி உள்ளே போக அந்தச் செயினுக்கு வழியில்லை. போனாலும் தகட்டின் வளைவு வேறு, கேஸின் வளைவு வேறு. நடுவே ஒரு விரல் நகம் நுழைகிற சந்து தெரியும்.

பெரியவர் அரத்தை எடுத்தார். "கிஸ் தூம், சாப்?" தேய்த்துவிடட்டுமா என்றுதான் கேட்டார்.

மாமா தன் காதைப் பொத்திக்கொண்டார். "நக்கோ, நக்கோ!"

எது தேயும் என்று அவர் சொல்லவில்லை, செயினா வாட்ச்சா என்று மாமாவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மூவரும் பேசாமல் இருந்தோம். கடைக்குள் தொங்கிய ஏழெட்டு சுவர்க் கடிகாரங்கள் ஏழெட்டு மணி காட்டிக்கொண்டிருந்தன.

பிறகு பெரியவர் ஒரு டப்பாவைத் துழாவி, ஒரு நைலான் பட்டையை எடுத்தார். சாம்பல் நிறம், 18 மில்லி, ஒரே நாடா. வாட்ச்சின் பின் வழியாக அதைச் செருகி, மாமாவின் மணிக்கட்டில் சுற்றி, ஊசியை ஓட்டையில் போட்டார். அரை நிமிஷம் ஆகியிருக்காது. கச்சிதம். இறுக்கவில்லை, நழுவவில்லை. மே மாதத்துக்கும் டிசம்பருக்கும் ஓட்டை இருந்தது. விலை நூற்று இருபது.

"பாத்தேளா மாமா, பத்துப் பொருத்தத்துல முக்கியமானது ரஜ்ஜு. ரஜ்ஜுன்னா கயிறுதானே," என்றேன்.

மாமா சிரிக்கவில்லை. கையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். வாட்ச் இருந்த இடத்திலேயே இருந்தது. குலுக்கிப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை. அவர் முகத்தில் நான் கண்டது ஏமாற்றம். பெண்ணைக் கட்டிக்கொடுத்த மறுநாள் காலையில் வெறும் கூடத்தில் நிற்கிற தகப்பன் முகம். போக ஒரு சந்தை இல்லை, போன் பண்ண ஒரு ஆள் இல்லை. மெட்ரோவில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் மாமி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது நன்னாயிருக்கே, இதையே கட்டிக்கோங்கோ," என்றாள். அதோடு அந்தப் பட்டையின் கதை முடிந்தது. மூன்றாம் நாள் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட்டது. மாமியின் கணக்கில் இன்னும் பதினாறுதான்.

19 மில்லி செயின் மட்டும் சும்மா கிடக்கிறதே என்று மாமாவுக்கு உறுத்தல். நேற்றுக் காலை பூங்காவில் என்னைப் பார்த்ததும் நேரே வந்து, என் இடது கையைப் பிடித்துத் திருப்பினார். என் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச்.

"உன்னோடது எத்தனை மில்லிப்பா?"

வேண்டுகோள் இதுதான். நேரு நகர் பூங்காவுக்குக் காலையில் நடக்க வருகிறவர்கள், எவ்வளவு வெயிலாக இருந்தாலும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வரவும்.