பச்சை பட்டனும் மிஸ்டு காலும்

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் ஆற்றுப் பாசனம். திறக்காத வருஷம் பம்புசெட் குறுவை. அந்த வருஷங்களில் பெரியப்பா வீட்டில் படுத்ததில்லை. பாபநாசம் பக்கத்து வயலில், மோட்டார் கொட்டகையில் கயிற்றுக் கட்டில். சுவரில் மூன்று குண்டு பல்பு. மூன்றும் எரிந்தால் மும்முனை மின்சாரம் வந்தாயிற்று. எழுந்துபோய் ஸ்டார்ட்டரின் பச்சை பட்டனை அழுத்துவார். 'டக்'.

அழுத்துவது என்னவோ விரல்தான். ஆனால் பட்டன் வழியே போவது கொசுறு மின்சாரம். அது காயிலில் பாய்ந்து இரும்பைக் காந்தமாக்கும்; காந்தம் இழுக்க, மூன்று முனைகளும் ஒரே அடியில் படியும்; மோட்டாருக்கான பெரிய மின்சாரம் அவ்வழியே ஓடும். விரலை எடுத்த பிறகும் காயிலுக்குக் கரண்ட் கொடுக்க ஓரத்தில் சின்னதாய் இன்னொரு முனை. கரண்ட் போனால் காந்தம் செத்துவிடும், ஸ்பிரிங் முனைகளைப் பிரித்துவிடும். திரும்ப வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. பம்பில் கைவைத்திருப்பவன் பிழைப்பான். கிளம்பும்போது வழக்கத்தைப்போல் ஆறு மடங்கு வரை கரண்ட் இழுக்கிற மோட்டார்கள் ஒரே நொடியில் கிளம்பி டிரான்ஸ்பார்மரைச் சாய்க்காது.

இவ்வளவு நல்ல குணத்தை எங்கள் ஊர் மன்னிக்கவே இல்லை. முதலில், காந்தம் விட்டாலும் முனை விடாதபடி வேப்பங்குச்சியைச் செருகினார்கள். பிறகு நாகரிகம் வந்து, காசு கொடுத்து 'ஆட்டோ' பெட்டி வாங்கி மாட்டினார்கள். கரண்ட் வந்ததும் ஊர் மோட்டார்கள் அத்தனையும் ஒன்றாய் எழும், பியூஸ் போகும். உடனே, கொஞ்சம் பொறுத்துக் கிளம்ப அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு டைமர். குச்சியை நினைத்தால் இது முன்னேற்றம்தான். 1990-ல் விவசாய மின்சாரம் முழுக்க இலவசமானதால், மோட்டாரை நிறுத்தும் பெட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இப்போது ஸ்டார்ட்டருக்கும் சிம் கார்டு. உள்ளே அதே காயில், அதே 'டக்'. விரல் மட்டும் சென்னையில். பெரியப்பா மகன் ஆபீஸிலிருந்து மிஸ்டு கால் கொடுப்பான், மோட்டார் எடுக்கும். மடை திருப்பத்தான் இன்னும் செயலி வரவில்லை. அதற்கு மண்வெட்டியோடு ஓர் ஆள் வயலில் நிற்க வேண்டும். அந்த ஆளை, மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கிய மாசமே நிறுத்திவிட்டான்.

போன வாரம் அடுத்த வயல்காரர் அவனைக் கூப்பிட்டார். "தம்பி, ஒங்க தண்ணி எங்க வயல்ல ஏறிக்கிட்டிருக்கு."

"ஐயோ, இதோ நிறுத்திடுறேன் மாமா."

"அவசரமில்லப்பா. கீழண்டை வயலுக்கு இன்னும் எட்டல."