புறாவும் பூண்டும்

வடசென்னை மொட்டை மாடியில் வளரும் புறாக்கூட்டம் ஒன்றுக்கு நோய் கண்டால், முதலில் வந்து சேர்வது மருந்தும் அன்று, மருத்துவரும் அல்லர், ஆலோசனையே ஆகும். புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேடு முதலிய பகுதிகளில் ‘சீக்கு’ என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் நிலை, அதாவது புறா இறகைச் சிலிர்த்துத் தலையை உள்ளிழுத்துக்கொண்டு கூண்டின் மூலையில் உம்மென்று உட்கார்ந்திருக்கும் நிலை, பல நோய்களுக்குப் பொதுவானது என்பதைப் புறாக்காரர் அனைவரும் அறிவர். அறிந்தும் அத்தனைக்கும் ஒரே மருந்தையே கொடுப்பர். அம்மருந்து பூண்டு. இந்நோய்களை முதல் நாளிலேயே பிரித்தறிவதற்கு எளிய முறை ஒன்று உண்டு. அது உரிய இடத்தில் விளக்கப்படும்.

நோய்களுள் தலையாயது கழுத்துத் திருகல். பாராமிக்சோ என்னும் வைரசால் வரும் இது, நாட்டுக்கோழிகளைக் கூண்டோடு கொண்டுபோகும் வெள்ளைக் கழிச்சலுக்குப் பங்காளி முறை ஆகும். இது பீடித்த புறா அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, நீராகக் கழிந்து, சில நாள்களில் கழுத்தை முறுக்கி வானத்தைப் பார்க்கத் தொடங்கும். கம்பு மணியைக் குறிபார்த்துக் கொத்தினால் அலகு அரை அங்குலம் தள்ளி வெறுந்தரையில் விழும். 1984-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகக் கிடங்குகளில் இருந்த தீவனத்தில் நோயுற்ற புறாக்களின் எச்சம் கலந்து, அங்கிருந்து கோழிப் பண்ணைகளுக்கு இந்நோய் பரவியது என்பதிலிருந்து, எச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் புறாக்காரர் ஊகித்துக்கொள்ளலாம், ஊகிப்பதில்லை. இந்நோயைத் தீர்க்கும் மருந்து எதுவும் இல்லை. தடுப்பூசி உண்டு, ஆனால் அது நோய் வருவதற்கு முன் போட வேண்டியது என்பதால் யாரும் அதை நினைப்பதில்லை. வந்தபின் செய்யக்கூடியது, புறாவைத் தனியே வைத்து, ஊறவைத்த பயறை ஒவ்வொன்றாக வாயில் ஊட்டி, வாரக்கணக்கில் காத்திருப்பது மட்டுமே. அப்படிக் காத்திருந்தால் கணிசமான புறாக்கள் தேறியும் விடுகின்றன. காத்திருக்கும் அந்தக் காலத்தில்தான் பூண்டு உள்ளே நுழைகிறது.

அடுத்தது வாய்ப்புண். டிரைக்கோமோனாஸ் என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியால் வருவது. தொண்டையின் உட்புறத்தில் மஞ்சள் நிறத்தில் கட்டி கட்டியாகப் படிந்து, குஞ்சு இரையை விழுங்க முடியாமல் செய்வது. புறா இனத்தில் தாய், தந்தை இரண்டும் தீனிப்பையில் ஊறும் ஒருவகைப் பாலைக் குஞ்சுக்கு ஊட்டும் என்பது பாடநூல்கள் வியந்து கூறும் செய்தி; அப்பால் வழியாகவே இந்த ஒட்டுண்ணியும் குஞ்சின் வாய்க்குப் போய்ச்சேர்கிறது என்பது அடுத்த பத்தியில் இருப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை. மனிதருக்கு வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் இதற்குக் கேட்கும். அம்மை கொசுவால் வருவது. வடசென்னையில் கொசு எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. புறாவின் இறகுக்கு அடியில் நண்டு நடைபோட்டு ஓடும் தட்டையான புறா ஈ, மலேரியாவுக்கு உறவான இரத்த ஒட்டுண்ணி ஒன்றைப் பரப்புகிறது என்பதை அல்ஜீரியாவில் சேர்ஜான் சகோதரர்கள் 1906-லேயே நிறுவிவிட்டனர். நூறாண்டுக்கு மேல் கடந்தும் அச்செய்தி மொட்டை மாடி ஏறவில்லை.

இவ்விடத்தில் ‘மாடி வைத்தியர்’ என்னும் கலைச்சொல்லை விளக்குவது அவசியமாகிறது. மாடி வைத்தியர் என்பவர், தம் வீட்டிலும் புறா வளர்த்து, அவற்றுள் பெரும்பாலானவற்றை ஏதோ ஒரு சீக்குக்குப் பறிகொடுத்து, அந்த அனுபவத்தின் பலத்தால் பிறர் வீட்டுப் புறாக்களுக்கு மருத்துவம் பார்ப்பவர். அழைக்காமலே வருவார். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நோய்கண்ட கூட்டம் ஒன்றின் முன் இத்தகையவர் ஒருவர் நிகழ்த்திய பரிசோதனை, இவ்வகுப்பினர் அனைவரின் முறைக்கும் சான்றாகும். உம்மென்றிருந்த புறாவைக் கையில் எடுத்தார், மல்லாத்தினார், நெஞ்செலும்பை விரலால் நெருடிப் பார்த்து, வாயால் ஊதி இறகை விலக்கித் தோலின் நிறத்தைக் கண்டார், அலகைப் பிளந்து சுட்டுவிரலை உள்ளே விட்டுத் துழாவினார். பிறகு அதே விரலை லுங்கியில் ஒருமுறை தேய்த்துவிட்டு, நோயற்றுத் தின்றுகொண்டிருந்த பக்கத்துப் புறாவின் அலகைப் பிளந்தார். “உடம்பு பூரா சூடு தலிவா” என்பது அவர் கண்ட முடிவு. புறாவின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியசு ஆதலால், மனிதக் கைக்கு எந்தப் புறாவும் எந்த நாளும் காய்ச்சலில்தான் இருக்கும்; இதனால் மாடி வைத்தியரின் நோய்க்கணிப்பு ஒருபோதும் பொய்ப்பதில்லை. அடுத்த கேள்வி, “பூண்டு குட்தியா இல்லியா?”

பூண்டு மருத்துவத்தில் பல பள்ளிகள் உள்ளன. முதற்பள்ளியினர் பூண்டை நசுக்கித் தண்ணீர்த் தட்டில் போடுவர். இவர்களுக்குள்ளேயே தோலோடு நசுக்குவோர், தோலுரித்து நசுக்குவோர் என இரு பிரிவுகள் உண்டு. இவ்விரு பிரிவினரும் ஒரே மாடியில் சந்தித்தால் புறாக்களைப் பற்றிய பேச்சு அன்றைக்கு நடைபெறாது. இரண்டாம் பள்ளியினர் முழுப் பல்லையே புறாவின் தொண்டைக்குள் தள்ளி, கழுத்தை மேலிருந்து கீழாக நீவிவிடுவர். பல் உள்ளே போயிற்றா, மேலே வந்து தரையில் விழுந்ததா என்பதைக் கவனிக்க இவர்கள் நிற்பதில்லை. மூன்றாம் பள்ளியினர் நல்லெண்ணெயில் வதக்கிக் கொடுக்க வேண்டும் என்பர். வெறும் பூண்டு ‘சூடு’ என்பது இவர்கள் கருத்து. அப்படியானால் சூடு கண்ட புறாவுக்குச் சூடான பொருளை மற்றவர்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்டால், “அது உள்சூடு, இது வெளிசூடு” என்று விடை வரும், அதன்பின் கேள்விக்கு இடமில்லை. நான்காம் பள்ளி மிளகையும், ஐந்தாம் பள்ளி சின்ன வெங்காயத்தையும், ஆறாம் பள்ளி மஞ்சள்தூளையும் உடன் சேர்ப்பதால், இந்நிலையில் மருந்துக்கும் சமையலுக்கும் உள்ள எல்லை மங்கி, தாளிக்க வேண்டியது மட்டுமே பாக்கி என்னும் கட்டம் வந்துவிடுகிறது.

நாட்டுப் பூண்டா, மலைப்பூண்டா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபின், மலைப்பூண்டுக் கட்சியின் கை ஓங்கியுள்ளது. ஓர் ஊரில் விளையும் பொருளின் தனித்தன்மைக்கு அரசு தரும் அடையாளமே புவிசார் குறியீடு என்பதையும், அது புறாவைக் கருதி வழங்கப்பட்டதன்று என்பதையும் இவர்களிடம் எடுத்துச் சொன்னால், “கவர்மெண்டே ஒத்துக்கிச்சு” என்கிறார்கள். ஒற்றைப் பல் பூண்டுதான் கேட்கும் என்று கூறும் தீவிரவாதக் குழு ஒன்றும் உண்டு. ஒற்றைப் பல் பூண்டைத் தேடிக் கொத்தவால்சாவடி வரை போய் வருவதற்குள் புறா ஒன்று தேறிவிடும் அல்லது செத்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் கோட்பாடு தோற்பதில்லை: தேறினால் பூண்டு வேலை செய்தது, செத்தால் பூண்டு கொடுக்க நேரமாகிவிட்டது. தோல்வியே காண முடியாத இத்தகைய மருத்துவ முறை வேறு எந்த உயிரினத்துக்கும் வாய்க்கவில்லை.

இவ்வளவுக்கும் பூண்டுத் தண்ணீரைப் புறா குடிப்பதில்லை. பெரும்பாலான பறவைகள் நீரை அலகில் முகந்து தலையைத் தூக்கி விழுங்க, புறாவோ அலகை மூழ்கவைத்து ஒரே இழுப்பாக உறிஞ்சும். ஆகவே நாற்றமடிக்கும் நீரில் மூக்குத்துளை வரை முகத்தைப் புதைக்க வேண்டிய நிலை அதற்கு உண்டாகிறது. அது தட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து, உற்றுப் பார்த்து, அப்பால் போய் உட்கார்ந்துகொள்கிறது. கழுத்துத் திருகலால் உடம்பின் நீரையெல்லாம் இழந்து நிற்கும் பறவைக்குத் தண்ணீரே வேண்டாம் என்று தோன்றும்படி செய்வதுதான் பூண்டின் மருத்துவப் பயனாக இதுவரை கண்கூடாகத் தெரிவது. வீட்டில் ரசத்துக்குப் பூண்டு இல்லை என்னும் புகார் தனி. அதை இங்கு விரித்துரைக்க இயலாது, ஏனெனில் அப்புகார் இன்னும் அடங்கவில்லை. இத்தகைய கட்டுரைகளை எழுத உட்காருவோரும் புறாக்கார இனத்தைச் சேர்ந்தவர்களே என்பதையும், இவர்கள் மாடியிலும் ஏதோ ஒரு காலத்தில் பூண்டு நசுக்கிய அம்மி கிடக்கும் என்பதையும் வீட்டார் உறுதி செய்வர்.

பூண்டு கைவிட்டபின் வருவது மஞ்சள் தண்ணீர். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய டெட்ராசைக்ளின் மாத்திரையின் உறையைப் பிரித்து, பொடியைத் தண்ணீரில் கொட்டி, “அளவா?” என்று யாரேனும் கேட்டால் “நிறம் வர்ற வரைக்கும்” என்று விடையளிப்பது இம்முறை. டெட்ராசைக்ளின் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து. கழுத்தைத் திருகும் வைரசையோ, தொண்டையில் படியும் ஒட்டுண்ணியையோ அது தொடுவதில்லை. அதனினும் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு: முட்டை ஓடு கெட்டிப்பட வேண்டும் என்று அதே கூண்டில் சிப்பித்தூளும் வைக்கப்படுகிறது; சிப்பியின் சுண்ணாம்புச்சத்து இம்மருந்தைப் பிணைத்து உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. ஆக, புறாவுக்கு மருந்தும் கொடுத்தாயிற்று, அதற்கு மாற்றும் கொடுத்தாயிற்று.

பிரித்தறியும் முறைக்கு வர வேண்டிய இடம் இதுவே. ஆனால் அதற்கு முதலில் சீக்குப் புறாவை மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு பெட்டியில் வைக்க வேண்டும். பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய புதுச் சோடியைச் சந்தையிலிருந்து நேரே கூட்டத்தில் கலக்காமல் சில வாரங்களாவது தனியே வைத்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்தவருக்கு முறையைச் சொல்ல வேண்டிய தேவை அவ்வளவாக இல்லை, செய்யாதவரிடம் சொல்லிப் பயன் இல்லை. 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. புளியந்தோப்பிலிருந்து நடந்தே போகலாம். காலை எச்சத்தைச் சுத்தமான சிறு டப்பாவில் எடுத்துப் போனால், குடற்புழு முட்டையோ இரத்தக் கழிச்சல் கிருமியோ இருந்தால் நுண்ணோக்கியில் தெரிந்துவிடும். பூண்டின் வகையை யாரும் கேட்கப்போவதில்லை.

மாடிக்கு வர விரும்பும் அன்பர்கள், படியேறுமுன் கீழே குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். மேலே வந்தபின் எந்தப் புறாவின் அலகையும் பிளக்க வேண்டாம்.