திரைமன்னர் வசைமொழி: ஒரு முன்னாய்வுக்கு முன்னோட்டம்

சரித்திரப் படம் வெளியான மறுநாளே, 'சோழர் காலத்தில் இந்தச் செருப்பு ஏது?' என்று கிளம்பும் அறிஞர் படை, வசவைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. அக்குறை நீக்கவே இவ்வாய்வு.

திரைமன்னர் வசை மூவகைப்படும். ஒன்று, தானிய வசை: 'பதரே!' இரண்டு, விலங்கு வசை, நரிக்கே முதலிடம். மூன்று, வரி கேட்டவனை உறவுமுறை வைத்துத் திட்டுவது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) வந்தபின் இது பள்ளி ஆண்டுவிழாக்களின் சொத்து. 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலேற்றப்பட்டவர் இத்தனை எதுகை மோனையோடுதான் திட்டினாரா என்று கேட்பவரை விழா மேடையில் ஏற்றுவதில்லை.

அசல் வசவு இருக்குமிடம் கோயில் சுவர். நிலமோ விளக்கோ தானம் கொடுத்துவிட்டு, கல்வெட்டின் கடைசியில், இதைக் கெடுத்தவன் கங்கைக்கும் குமரிக்கும் இடையே எழுநூறு காதத்தில் செய்தவர் செய்த பாவமெல்லாம் கொள்வான் என்று வெட்டிவைத்தார்கள். இங்குதான் 'இரண்டாம் திருடன் சிக்கல்' எழுகிறது. விளக்கு நெய்யை முதலில் திருடியவனே மொத்தப் பாவத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டால், அடுத்த வாரம் வருபவனுக்கு என்ன மிச்சம்? சரிபாதியாகப் பங்கிடுவதா, மூத்த திருடனுக்கு முன்னுரிமையா? நாடு முழுக்கப் பாவம் தீர்ந்து சுத்தமான பிறகு காசி யாத்திரை எதற்கு? (விரிவுக்குக் காண்க: நான் இன்னும் எழுதாத நூல், இரண்டாம் தொகுதி, கரையான் தின்ற பக்கம், அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, மறுப்புக்கு, அதே கரையான்.)

பிற்காலக் கல்வெட்டுகள் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தைத் தருகின்றன. திருடன் உள்ளூரிலேயே இருந்து பெறலாம், வழிச்செலவு மிச்சம். கொங்கணத்துச் சிலாகார அரசர்கள் எழுத்தை நம்பவில்லை. தானக் கல்லிலேயே கழுதையையும் ஒரு பெண்ணையும் செதுக்கிவிட்டார்கள். அதைப் படமெடுத்தால் தணிக்கைக் குழு தியேட்டரையே மூடிவிடும்.

இத்தகைய வரிகளுக்குப் புலமை உலகம் வைத்த பெயர் ஓம்படைக்கிளவி. ஏதோ தாலாட்டுப் போல ஒலிக்கும். நிலத்தின் எல்லையை நான்கு திசையிலும் அளந்து பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், சாபம் வந்ததும் 'வழக்கமான ஓம்படைக்கிளவி' என்று முடித்துக்கொள்வதுண்டு. வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள் போலும்.

ஆகவே வசனகர்த்தாக்களே, வில்லன் வாயில் இனியும் பதரைத் திணிக்காதீர்கள். பக்கத்துக் கோயிலுக்குப் போங்கள். பழைய கல்வெட்டாகப் பார்த்து, கடைசி வரியைப் படியுங்கள். அது பெரும்பாலும் தரையை ஒட்டி இருக்கும். கொஞ்சம் குனிய வேண்டும்.