கேள்வி அல்ல, ஒரு சின்னக் கருத்து

மதுரை எஸ்.எஸ். காலனிப் பக்கம் மாலை ஆறரைக்கு மேல் ஏதாவது ஒரு மாடியறையிலிருந்து, "வணக்கம், வணக்கம், நான் பேசுறது கேக்குதுங்களா?" என்று அடிவயிற்றுக் குரல் எழுந்தால், யாரோ ஆவியோடு பேசுகிறார்கள் என்று பயப்பட வேண்டாம். ஜூம் சார் வகுப்பில் சேர்ந்துகொண்டிருக்கிறார்.

பெயர் தெருக்காரர்கள் வைத்தது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. தெருவுக்குத் தெரு இப்படி ஒருவர் இருப்பதால் இன்னார் என்று யாரும் தேட வேண்டியதில்லை. அறுபதைத் தாண்டியவர், வங்கியில் குப்பை கொட்டி ஓய்ந்தவர், பிரிவுபசார விழாவில் விழுந்த சால்வைகளை மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்திருப்பவர். 2020 ஊரடங்கில் பேரனின் பள்ளிக்கூடத்துக்காக வாங்கிய டேப்லெட், பள்ளி திறந்ததும் அவர் மடிக்கு வந்து சேர்ந்தது. அதில் பெயரை மாற்றத் தெரியாததால், வெகுநாள் வரை அறிஞர் உலகம் அவரை '7-பி, ரோல் நம்பர் 14' என்றுதான் அறிந்திருந்தது. "செவன் பி கையைத் தூக்கியிருக்கிறார், அவருக்கு வாய்ப்புத் தருவோம்" என்று ஒரு முன்னாள் துணைவேந்தரே பெருந்தன்மையோடு சொன்னதுண்டு.

அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வரும். ஆறு பேர் படம் பெரிதாக, தலைப்பு எறும்பு அளவில், அதற்கும் கீழே மீட்டிங் ஐடி, பாஸ்கோடு. மலேசியாவிலிருந்து ஒருவர் இருந்துவிட்டால் அது பன்னாட்டுக் கருத்தரங்கம். சங்க காலக் கடல் வணிகமா, கருந்துளையா, குடலில் வாழும் நுண்ணுயிர்களா என்றெல்லாம் சார் பார்ப்பதில்லை. தலைப்பைப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போவது, மெனுவைக் கேட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போவது மாதிரி என்பது அவர் எண்ணம். அழைத்தார்கள், போகிறோம்.

இலவசக் கணக்கில் நடத்தும் கூட்டத்தை ஜூம் 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டவர் நம் ஊர் வாழ்த்துரையைக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை மூன்று, பேச்சாளர் வாங்கிய விருதுகளின் பட்டியல் எல்லாம் முடிந்து, சிறப்புரையாளர் "அவையோர் அனைவருக்கும்" என்று வாயெடுக்கும்போது திரை அணையும். அதே இணைப்பில் திரும்ப வர வேண்டும். பாதிப் பேர் அந்த இடைவெளியில் தோசை சாப்பிடப் போய்விடுவார்கள். சார் போகமாட்டார். காத்திருப்பு அறையில் முதல் ஆளாக நிற்பார்.

உள்ளூர்ச் சரக்கு போதாதென்று லண்டனும் சேர்ந்துகொண்டது. தாமஸ் கிரெஷாம் என்ற வணிகர் எழுதிவைத்த உயிலின்படி 1597இல் தொடங்கிய கிரெஷாம் கல்லூரி, அன்றுமுதல் பொதுமக்களுக்கு இலவசச் சொற்பொழிவு நடத்திவருகிறது. இப்போது அது இணையத்திலும் வருகிறது. பட்டம் கிடையாது, தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது. வங்கியில் சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வு படுத்திய பாட்டை இன்னும் மறக்காத சாருக்கு, இந்த மூன்றில் நடுவில் இருப்பதுதான் உயிர். ஆனால் லண்டன் மாலை 6 மணி நமக்கு இரவு 10.30, அங்கே குளிர்காலமென்றால் 11.30.

"விளக்கை அணைங்க. அதான் பதிவு பண்ணி வைப்பாங்கல்ல, காலைல பாத்துக்கிறது" என்பார் வீட்டம்மா.

"பதிவுல கேள்வி கேக்க முடியாதே" என்பார் இவர். கூடவே சரித்திரத்தையும் துணைக்கு இழுப்பார். 1660இல் இதே கிரெஷாம் கல்லூரியில் கிறிஸ்டோபர் ரென் வானியல் பற்றிப் பேசி முடித்த பிறகு, வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள்தான் ராயல் சொசைட்டியைத் தொடங்கினார்கள். "அன்னைக்கு அவங்க வீட்டுலயும் விளக்கை அணைக்கச் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"அவங்களுக்குக் காலைல பால் வாங்குற வேலை இருந்திருக்காது."

பகலில் என்.பி.டெல். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் பொறியியல் பாடங்களை வீட்டிலிருந்தே யாரும் காசில்லாமல் கேட்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம். மண்ணியக்கவியலில் சில பாடங்கள் கேட்ட சூட்டோடு, பக்கத்து மனையில் வானம் தோண்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் போய், "கன்சாலிடேஷன் பார்த்தீங்களா?" என்றார். "அதெல்லாம் ஓனர்கிட்ட கேளுங்க சார்" என்று அவர் மண்வெட்டியை மறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

தேர்வு வேண்டாம் என்பவர் சான்றிதழை வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் ஊர் இணையவழிக் கூட்டங்களில் பின்னூட்டப் படிவத்தின் இணைப்பை நன்றியுரைக்குப் பிறகுதான் போடுவார்கள். முன்னாலேயே போட்டால் நன்றியுரையைக் கேட்க நன்றி சொல்பவர் மட்டும்தான் இருப்பார். படிவத்தை நிரப்பினால் மின்சான்றிதழ். 'ஜூமில் உள்ளபடி பெயர்' என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். வங்கிக்காரர் அல்லவா, விதிப்படி எழுதினார். 'சிலப்பதிகாரத்தில் நீதி' என்ற கருத்தரங்கில் 7-பி, ரோல் நம்பர் 14 சிறப்பாகப் பங்கேற்றதைப் பாராட்டும் சான்றிதழ் இன்றும் லேமினேட் செய்யப்பட்டு அவர் மேசை மேல் இருக்கிறது.

இத்தனையும் அவருக்கு முன்னுரைதான். கேள்வி நேரம் என்று அறிவித்தவுடன் திரையில் எழும் முதல் மஞ்சள் கை அவருடையது. "அருமையான உரை. இது கேள்வி அல்ல, ஒரு சின்னக் கருத்து" என்று ஆரம்பிப்பார். கருத்து 1978இல் உசிலம்பட்டிக் கிளையில் தொடங்கும். எந்தத் தலைப்பிலிருந்தும் உசிலம்பட்டிக்கு அவருக்கு வழி தெரியும். கருந்துளைக்குள் போன எதுவும், ஒளிகூட, வெளியே வராது என்று ஓர் இயற்பியல் பேராசிரியர் சொல்லி வாய் மூடவில்லை, சாருக்குக் கிளையின் வாராக்கடன்கள் வரிசையாக நினைவுக்கு வந்துவிட்டன. நெறியாளர் இரண்டு முறை இருமியும் பயனில்லை. மூன்றாம் முறை மியூட் செய்தார். அது தெரியாமல் சார் ஜாமீன்தாரர்கள் வரைக்கும் பேசினார்.

இவரைக் கேலி செய்வது சுலபம். நானே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் இணையத்தில் பேசிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். எதிரே கறுப்புக் கட்டங்கள், அவற்றில் பெயர்கள். அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா, காய் நறுக்கப் போய்விட்டாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை. அந்த இருட்டில் கேமராவைத் திறந்துவைத்து, சுழலும் மின்விசிறிக்குக் கீழே நெற்றி மட்டும் தெரிய உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டும் ஒரே ஜீவன் இவர். அந்தத் தலையை நம்பித்தான் பேச்சாளர் முடிவுரை வரை வந்து சேர்கிறார். நடுவில் சில ஆட்டங்கள் தூக்கத்தில் ஆடியவையாகவும் இருக்கலாம். ஒருமணி நேரம் பேசுபவருக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை.

சார் மிக அதிகமாகக் கேட்ட பாடம் கீழடி. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடு, செங்கல் கட்டுமானம், எந்தக் கட்ட அகழாய்வில் என்ன கிடைத்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கீழடி மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர். 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள். சார் இன்னும் போகவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மா கேட்டார். "மகளிர் குழுவுல வேன் வச்சுக் கீழடிக்குப் போறோம். ஒரு சீட்டு இருக்கு, வர்றீங்களா?"

"இன்னைக்குச் சாயங்காலம் கோலாலம்பூர்ல இருந்து ஒருத்தர் கீழடி பத்திப் பேசுறாரு. அதை விட்டுட்டுக் கீழடிக்கு எப்படி வர்றது?"

வீட்டம்மா போய்விட்டு ஆறு மணிக்குத் திரும்பினார். செட்டிநாட்டு வீடு மாதிரி தூணும் முற்றமுமாகக் கட்டியிருக்கிறார்களாம். சின்ன வயதில் தாம் ஆடிய சில்லு மாதிரியே சுடுமண்ணில் சில்லு இருக்கிறதாம். கட்டடம் செட்டிநாட்டுப் பாணி என்பது சார் கேட்ட எந்த உரையிலும் வராத செய்தி. காபி ஆறுவதையும் கவனிக்காமல் குறித்துக்கொண்டார்.

அன்று கேள்வி நேரத்தில் உசிலம்பட்டி வரவேயில்லை. "கீழடிக்குப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். அருங்காட்சியகம் செட்டிநாட்டுப் பாணியில் அமைந்திருக்கிறது. அங்கே சுடுமண் சில்லுகளைக் காணலாம்" என்றார் சார், நேரில் பார்த்தாரா இல்லையா என்ற பேச்சுக்கே இடம் வைக்காமல்.

கோலாலம்பூர்க்காரர் நெகிழ்ந்துபோனார். "ஐயா, நீங்கள் கொடுத்துவைத்தவர். அடுத்த மாதம் அங்கே வருகிறேன். அந்தச் சில்லுகள் எந்தக் கூடத்தில் இருக்கின்றன?"

சார் வாயைத் திறந்தார். இரண்டாவது 40 நிமிடம் முடிந்து திரை அணைந்தது.

மாடிப்படியின் தலைக்கு ஓடிவந்து கீழே பார்த்துக் கத்தினார். "ஏம்மா, அந்தச் சில்லு எந்த ரூம்ல இருந்துச்சு?"

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "இது கேள்வியா, கருத்தா?"