மருமவனே, எடை எம்புட்டு?

வா மருமவனே, உக்காரு. பெஞ்சு ஒடஞ்சிரும்னு பயப்படாத. 42 கிலோவாமே நீ? பருத்திக்கொட்டை மூட்டையே ஒன்னைவிடக் கனமா இருக்கும்.

மாத்திரைய நேரம் தவறாமப் போடுதியாம், ஒங்க அத்தை சொன்னா. சந்தோசம். காலையில மாத்திரையோட ஒரு டீ, பத்து மணிக்கு இன்னொரு டீ, மத்தியானம் ரசத்துல மெதக்குத நாலு பருக்கை. இப்படிக் கவனிச்சா எலும்புருக்கி, அதான் டிபி, எப்படிலே வெளியேறும்?

“மருந்துதான் இருக்கே, சோறு எதுக்கு”ங்க. நீயாவது வாயால சொல்லுத. 1959லயே மெட்ராஸ்ல பெரிய டாக்டர்மாரு சோதிச்சே பாத்துட்டாக. ஒரே மருந்துதான். ஆஸ்பத்திரியில படுத்து நல்லாத் தின்னவனுக்கும், வீட்டுல இருந்து கிடைச்சதக் குடிச்சவனுக்கும் ஏறக்குறைய ஒண்ணுபோலத்தான் கொணமாச்சு. வாஸ்தவம், மாத்திரைக்கு அம்புட்டு வீரியம். அதப் புடிச்சுக்கிட்டு எல்லாரும் சோத்த மறந்தாக. சோறு கேக்காத வைத்தியம் யாருக்குத்தான் கசக்கும்?

அந்தச் சோதனைய நடத்துன மெட்ராஸ் ஆராய்ச்சி நெலையமே பெறவு ஜார்க்கண்டுல இன்னொரு சோதனையில கூட நின்னுச்சு. 2019ல தொடங்கி, 2023ல முடிவச் சொன்னாக. நோயாளி எல்லாருக்கும் மாசம் 10 கிலோ: அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய். வீட்டாளுகளுக்கு மட்டும் பாதி எடத்துலதான் குடுத்தாக. பெரியவுக தலைக்கு 5 கிலோ அரிசி, ஒண்ணரை கிலோ பருப்பு, கூடச் சத்து மாத்திரை. அந்த வீடுகள்ல புதுசா டிபி வந்தது மத்த வீடுகளவிட 39 சதவீதம் கொறைஞ்சு போச்சு. பரிசோதனையில உறுதியான நுரையீரல் டிபிய மட்டும் பாத்தா 48. எல்லாம் பலசரக்குக் கடைச் சாமான், மருமவனே! செட்டியார் கடையில கேட்டாக் குடுப்பாரு, கடனாக் கேக்காம இருந்தா.

நோயாளிக கதையக் கேளு. மொத ரெண்டு மாசத்துல எடை நூத்துக்கு அஞ்சு ஏறுனவுகள்ல சாவு 61 சதவீதம் கம்மி. ஒனக்கு அந்தக் கணக்கு ரெண்டு கிலோ சொச்சம். ஒன் மீசைய முறுக்குத நேரத்துல ஏத்திரலாம்.

சர்க்காரும் மாசம் ஆயிரம் ரூவா ஒன் கணக்குல போடுது. 2024 நவம்பருக்கு முந்தி ஐநூறுதான். அது எங்க போவுதுன்னு ஒன் போனுல ராத்திரி ஓடுத படத்தக் கேட்டாச் சொல்லும்.

நாளையில இருந்து அந்தப் பணத்த எங்கிட்டக் குடுத்துரு. கடலை, முட்டை, உளுந்து நான் வாங்கியாரேன். ஒனக்கு மட்டுமில்ல, ஒன் பொண்டாட்டிக்கும் பிள்ளைக்கும். ஒரே வீட்டுல மூச்சு விடுதாகள்லா? மிச்சம் பத்து இருவது விழுந்தா என் வெத்தலைக்கு. மாமன் சும்மா அலைவானாலே?