புள்ளி போனா நோய் போச்சா, மருமகன்?

வாங்க மருமகன், இருங்க. சாகாமம் வீதியில போற வாற ஆக்களுக்கெல்லாம் இப்ப உங்கட கண்ணாடிப் பெட்டியப் பத்தித்தான் கதை. கட்டாரில உழைச்ச காசில ஹோலுக்குள்ள கடலக் கொண்டு வந்து வெச்ச ஆள் இந்தப் பக்கத்தில நீங்க ஒராள்தான். அசல் கடல் கூப்பிடு தூரத்தில கிடக்கு. அதப் பாக்கக் காசு வேணாம். அதாலதான் அது உங்களுக்குப் புடிக்கல்ல போல.

வீட்டைக் குடுத்தது நான், அதுக்குள்ள உப்புத்தண்ணி ஊத்தினது நீங்க. அதனால ரெண்டு வார்த்தை சொல்ல எனக்கும் பாத்தியம் இரிக்கி. கோவிக்காமக் கேளுங்க.

மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்த நாளில இரிந்து நானும் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன். ஒராள் வெள்ளைப்பூடு இடிச்சுப் போடச் சொன்னான், போட்டீங்க. இன்னொராள் நல்ல தண்ணியில முக்கி எடுக்கச் சொன்னான், முக்கினீங்க. மூணாவது ஆள் மயில்துத்தம் எண்டான், அதையும் கரைச்சு ஊத்தினீங்க. ஒருத்தர்ட மனமும் நோகக் கூடாதெண்டு எல்லாருக்கும் தலையாட்டுறது நல்ல குணம்தான். உங்கட மீனுக்குத்தான் அந்தக் குணம் ஒத்து வருதில்ல.

வயல் செய்த கிழவனுக்கு மீன்ட வருத்தம் என்ன தெரியும் எண்டு நினைப்பீங்க. எனக்குத் தெரியாதுதான். ஆனா சம்மாந்துறையில, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பிரயோக விஞ்ஞான பீடத்தில படிக்கிற என்ட பேத்திக்குத் தெரியும். அவ வாசிச்சுச் சொன்னா, நான் வாய மூடிக் கேட்டன். இந்த ரெண்டாவது வேலையத்தான் நீங்க இன்னும் செஞ்சு பாக்கல்ல.

இந்தப் புள்ளிக்காரன்ட பேர் கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ். ஒத்தச் செல் உயிர். 1930களில யப்பானில சிக்காமா எண்டவர் இதப் பாத்து எழுதி, 1951இல பிரவுண் எண்ட ஆராய்ச்சியாளர் இந்தப் பேர வெச்சதாம். இது மீனுக்கு மேல ஒட்டிக்கிட்டு இரிக்கிறதில்ல. தோலுக்கு உள்ளயும் செவுளுக்கு உள்ளயும் பூந்து இருந்து தின்னும். மூணு நாளில இரிந்து ஏழு நாள் வரைக்கும் அங்க விருந்து. வயிறு நிறைஞ்சதும் தானாக் கழண்டு விழும், அதுவும் அநேகமா இருட்டோட. நீங்க வெள்ளாப்பில எழும்பி லைட்டப் போட்டா மீன் பளபளெண்டு நிக்கிது. அண்டைக்குத்தான் நீங்க சந்தோசத்தில புது மீன் ரெண்டு வாங்கி விட்டீங்க. விருந்துக்குப் பந்தி பத்தாதெண்டு நினைச்சீங்களோ தெரியாது.

விழுந்தது சாகல்ல, மருமகன். மணலிலயும் கல்லிலயும் ஒட்டி, தன்னச் சுத்தி ஓடு கட்டிக்கிட்டு, உள்ளுக்குப் பெருகும். ஒண்டு இருநூறு வரைக்கும் ஆகும். சில ஓடு மூணு நாளில வெடிக்கும், சிலது 28 நாள் சுணங்கும். 72 நாள் கிடந்து வெடிச்சதும் உண்டாம். வெடிச்சு வாற குஞ்சு ஒரு நாள், ரெண்டு நாளுக்குள்ள ஒரு மீனப் புடிக்க வேணும். இல்லாட்டி அதுட கதை முடிஞ்சிது. நீங்க ஊத்துற மருந்துக்கு அம்புடுறது நீந்தித் திரியிற அந்தக் குஞ்சு மட்டும்தான். தோலுக்குள்ள இரிக்கிறதுக்கும் மருந்து எட்டாது, ஓட்டுக்குள்ள இரிக்கிறதுக்கும் எட்டாது.

வயலில கோரை புடுங்கினவனுக்கு இது விளங்கும். மேல தெரியிற புல்லப் புடுங்கிப்போட்டு வரம்பில ஏறி நிண்டா வயல் வெளிச்சமாத்தான் தெரியும். கிழங்கு மண்ணுக்குள்ள சிரிச்சுக்கிட்டுக் கிடக்கும். பத்து நாள் பொறுத்துப் போய்ப் பாத்தா, புடுங்கினதுக்கும் சேத்து வட்டியோட நிக்கும். நீங்க வரம்பில ஏறின ஆள். அவ்வளவுதான் உங்கட பிழை.

இப்ப உங்கட வைத்தியம் ஒவ்வொண்டையும் பாப்பம். வெள்ளைப்பூடு மீன் ஆணத்துக்கு நல்லம். பெட்டிக்குள்ள போட்டா மீன் கொஞ்சம் ருசிச்சுத் தின்னுமாம், பூச்சியும் அது பாட்டுக்குத் தன்ட வேலையச் செய்யும். நல்ல தண்ணியில முக்கிறது தோலுக்கு மேல ஒட்டிக் கிடக்கிற தட்டைப்புழுவுக்குச் சரியான வைத்தியம். அஞ்சு நிமிசத்தில அது வெளிறிப் போய் உதிரும். தோலுக்குள்ள இரிக்கிற இவனுக்கு அது குளிப்பாட்டு, மூச்சுத் திணறினது மீனுக்கு.

மறுகா அந்தத் துப்புரவு மீன். நீலக் கோடு போட்ட சின்னவன், மத்த மீன்ட மேலில இரிக்கிற பூச்சியப் பொறுக்கித் தின்னுவான் எண்டு காசு குடுத்து வாங்கினீங்க. அவன் கெட்டிக்காரன்தான். அவுஸ்திரேலியாப் பவளப்பாரில கிரட்டர் எண்டவ 1996இல எண்ணிப் பாத்து எழுதினா, ஒருத்தன் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1200 பூச்சி தின்னுறானாம். ஆனா அவன் தின்னுறது கண்ணுக்குத் தெரியிற, மேலில கடிச்சுக்கிட்டிரிக்கிற பூச்சிய. தோலுக்குள்ள இரிக்கிறத அவனால தோண்டி எடுக்க ஏலா. இப்ப பாருங்க, அவன்ட முதுகிலயும் புள்ளி.

மயில்துத்தத்துக்கு வாறன். அதில இரிக்கிற செம்பு இதுக்கு மருந்துதான், நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஒரு லீட்டர் தண்ணிக்கு 0.15இல இரிந்து 0.20 மில்லிகிராம் செம்பு. அதுக்குக் கீழ போனா பூச்சி சாகாது, மேல போனா மீன் சாகும். கடையில வாங்கின போத்தலில வேற அளவு போட்டிரிந்தா அதுதான் கணக்கு, ஏனெண்டா எல்லாப் போத்தலிலயும் செம்பு ஒரே மாதிரி இரிக்கிறதில்ல. நாளுக்கு ரெண்டு தரமாவது சோதனைப் பெட்டியால அளந்து பாக்க வேணும். நீங்க அளந்தது தேத்தண்ணிக் கரண்டியால. அதுவும் பவளக் கல்லும் மணலும் கிடக்கிற பெட்டியில. சுண்ணாம்புக் கல் செம்பக் குடிக்கும். காலையில போட்டது பின்னேரம் தண்ணியில இல்ல. மறுகா இறால், நண்டு, நத்தை, பவளம், கடல் தாமரை எல்லாத்துக்கும் செம்பு நஞ்சு. மீனக் காப்பாத்தப் போய் அக்கம்பக்கத்தாரையெல்லாம் மவுத்தாக்கின பரிகாரி நீங்கதான்.

செய்ய வேண்டியது இதுதான். மணலும் கல்லும் இல்லாத வெறும் பெட்டி ஒண்டு தனியா வைங்க. காத்துக் குழாய், வடிகட்டி, மீன் ஒளியிறதுக்கு ஒரு துண்டு பிளாஸ்டிக் பைப், இவ்வளவும் போதும். எல்லா மீனையும் அதுக்கு மாத்துங்க, புள்ளி இல்லாததையும் சேத்துத்தான். செம்பு வைத்தியம் அங்க, மூணு கிழமைக்குக் குறையாம.

செம்பு பயமெண்டா உப்பக் குறைங்க. கடல் தண்ணியில ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. அத ரெண்டு மூணு நாளில மெல்ல மெல்ல 15, 16க்கு இறக்கி, மூணு நாலு கிழமை அதிலயே வெச்சா ஓட்டுக்குள்ள இரிக்கிறது உருப்படாது. அளக்கிறதுக்கு ரிஃப்ராக்டோமீட்டர் வேணும். நாக்கில தொட்டுப் பாக்கிறது மாமிட வேலை. உப்புக் குறைக்க நல்ல தண்ணிக்குச் சாகாமம் குளத்துக்குக் கலனோட போயிராதீங்க. வயலுக்கு நாங்க அடிக்கிற எண்ணெயும் போடுற பசளையும் தண்ணியோட எங்க போய்ச் சேருமெண்டு எங்களுக்குத் தெரியும். பைப் தண்ணியெண்டா குளோரின எடுத்துப்போட்டு ஊத்துங்க.

மூணாவது வழிதான் எனக்குப் புடிச்சது, ஏனெண்டா மருந்துக்கடைக்காரனுக்கு அதில ஒரு சதமும் இல்ல. ரெண்டு பிளாஸ்டிக் பெட்டி. மூணு நாளைக்கு ஒருக்கா மீன ஒண்டில இரிந்து மத்ததுக்கு மாத்துறது, நாலு தரம். விட்டுப்போட்டு வந்த பெட்டியக் கழுவி, வெயிலில நல்லாக் காய வைக்கிறது. வலை, வாளி, குழாய் எல்லாத்தையும் அப்பிடியே. கீழ விழுந்தது வெடிச்சு வாறதுக்கு முதல் மீன் வீடு மாறிரும். சோம்பேறிக்கு இந்த வைத்தியம் ஒத்து வராது. அதால நான் வற்புறுத்தல்ல.

இதுக்குள்ள ஹோலில இரிக்கிற பெரிய பெட்டியில ஒரு மீனும் இரிக்கக் கூடாது. ஆறு கிழமைக்குக் குறையாம. 76 நாள் வைக்கச் சொல்றவங்களும் இரிக்காங்க, அவங்க அந்த 72 நாள் கதையக் கேட்டவங்க. இறாலும் பவளமும் கிடக்கட்டும், அதுகள இவன் தொட மாட்டான். மீன் இல்லாட்டி குஞ்சு பட்டினியில போயிரும். மீனில்லாத பெட்டிய வாற விருந்தாளிக்குக் காட்ட வெக்கமா இரிக்குமெண்டா, தண்ணி வடிவா இரிக்கி எண்டு சொல்லுங்க.

இன்னொரு விசயம். புள்ளியெல்லாம் இந்தப் புள்ளி இல்ல. மேலெல்லாம் மெல்லிய தூள் படிஞ்ச மாதிரி, மீன் மேல வந்து கெதி கெதியா மூச்சு வாங்கினா அது அமிலூடினியம். செவுள முதல்ல புடிக்கும், ரெண்டு மூணு நாளில ஆள முடிச்சிரும். அதுக்கு உப்புக் குறைக்கிறது சரிவராது. செம்பு, இல்லாட்டிக் குளோரோகுயின். ஓ மருமகன், மலேரியாவுக்கு நாங்க கண்ண மூடிக்கிட்டு விழுங்கின அதே கசப்புக் குளிசைட மருந்துதான். 2016இல இலங்கையில மலேரியா இல்லையெண்டு உலக சுகாதார நிறுவனம் சான்று குடுத்திட்டுது, மிச்ச மருந்த மீனுக்குக் குடுக்கிறாங்க போல. கோமாளி மீனுக்குத் தோல் சளியா உரிஞ்சா அது புரூக்லினெல்லா. அதுக்குச் செம்பு செல்லாது, போமலின். அதனால மருந்துக்கு முதல் ஆளப் பாருங்க. மீன்ட மேல மெல்லச் சுரண்டி எடுத்து பேத்திட்டக் குடுத்தா நுணுக்குக்காட்டியில பாத்துச் சொல்லுவா.

கடலிலயும் இந்தப் பூச்சி இரிக்கி. அங்க ஏன் கொள்ளை போகல்ல? குஞ்சு வெடிச்சு வரக்குள்ள மீன் எங்கயோ போயிரும், கடல் அவ்வளவு பெரிசு. உங்கட பெட்டியில தப்பி ஓட மூணு முழம். இந்தக் கரைகளில டைவர்மார் புடிக்கிற வர்ண மீன் பையில அடைபட்டு, லொறியில குலுங்கி, கடையில பட்டினி கிடந்துதான் உங்கட்ட வருது. பவுடர் புளூ எண்டு நீங்க ஆசைப்பட்ட நீல மீன் எங்கட இந்து சமுத்திரத்து ஆள்தான், புள்ளிய வாங்கிறதில முதல் ஆளும் அதுதான். வந்தத நேரா உள்ள விடாம ஒரு மாசம் வெறும் பெட்டியில தனியா வெச்சிரிந்தா, நான் இவ்வளவு கதைச்சிரிக்கத் தேவையில்ல. பிழைச்ச மீனுக்குக் கொஞ்சக் காலத்துக்கு எதிர்ப்புச் சத்தி வரும். அது நோயில்லாத மாதிரி நிண்டுக்கிட்டே புதுசா வாறவனுக்குக் குடுக்கும், அதையும் மனசில வைங்க.

அதனால அடுத்த மருந்துப் போத்தல் வாங்கக் கிளம்புறதுக்கு முதல் அந்தக் கலண்டர எடுத்து நாளக் குறிங்க. புள்ளி மறையிற நாள் கணக்குத் தொடங்கிற நாள், முடியிற நாளில்ல. மறுகா, செத்துப் போனதுகளக் கொண்டு போய் மாமிட்ட ஆணம் காய்ச்சக் குடுத்திராதீங்க. நீங்க ஊத்தின மருந்துக்கு மீன் பிழைக்காட்டியும் பரவாயில்ல, நான் இன்னும் கொஞ்ச நாள் இரிக்க வேணும்.