லிட்டருக்கு 18

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு வலப்பக்கம் என் மாமனார், அம்பாசிடர் கட்சி. இடப்பக்கம் சித்தப்பா, ஃபியட் கட்சி. நடுவில் இலையும் நானும்.

"1489 சிசி மாப்பிள்ளை! உங்க சித்தப்பாவோடது வெறும் 1089. முழுசா 400 சிசி குறைச்சல்."

"அந்த 400-ம் அதோட உடம்பைத் தூக்கவே சரியாப் போச்சு, சம்பந்தி."

அப்புறம் என்ன, உங்களுக்குத் தெரியாததா! மாமனார் ஸ்டியரிங் கியரை இடதுகையால் போட்டுக் காட்டினார். இரண்டாவது கியரில் என் இலைப் பாயசம் வேட்டிக்கு வந்தது. எந்த வண்டி உசத்தி என்று கடைசியில் நானே தீர்ப்புச் சொல்கிறேன். அதற்குமுன் மைலேஜ்.

மாமனாரின் அம்பாசிடர் ஓடிய காலத்தில் லிட்டருக்கு 9 கொடுத்தது. பெட்ரோல் போட்டுவிட்டு வந்து அவர் புலம்பியதற்கு மாமியார் சாட்சி. 1991-ல் விற்றார். மறுவருஷமே 11 ஆயிற்று. என் கல்யாணத்தில் 12. பேத்தி காதுகுத்தில் 14. வாங்கினவர் அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டதாகச் சேதி வந்த அன்று, துக்கத்திலும் 15. போன ஞாயிறு 16. சித்தப்பா விடுவாரா? அவர் ஃபியட் 18, அதுவும் ஏசி போட்டு. அந்த வண்டியில் ஏசியே கிடையாது. உடனே மாமனார் தன் 16-ல் ஏழு பேரையும் ஒரு மூட்டை பலாப்பழத்தையும் ஏற்றினார். சித்தப்பா எதிர்க்காற்றைச் சேர்த்துக்கொண்டார். இப்படியே போனால் இன்னும் பத்து வருஷத்தில் இரண்டு வண்டியும் பங்குக்குப் பெட்ரோல் திருப்பிக் கொடுக்கும்.

நானும் யோக்கியனில்லை. வால்பாறை மலையில் 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதில் சித்தப்பாவின் ஃபியட் சூடாகி நின்றது. பெட்ரோல் பம்புமேல் சித்தியின் துண்டை நனைத்துப் போட்டவன் நான். பள்ளிக்கூடத்தில் "ஒரே மூச்சில் ஏறினோம்" என்றேன். இன்றுவரை திருத்தவில்லை.

எரிச்சல் அதுவல்ல. அன்று இருந்ததே இந்த இரண்டும், நம்ம சென்னை ஸ்டாண்டர்டு ஹெரால்டும்தான். ஒன்று இங்கிலாந்தின் பழைய மாரிஸ் ஆக்ஸ்போர்டு, இன்னொன்று இத்தாலியின் பழைய 1100. பணத்தைக் கட்டி, வருஷக்கணக்கில் காத்திருந்து, கொடுத்ததை ஓட்டி வந்தவர்கள், உலகத்தையே சலித்துப் பொறுக்கியெடுத்த மாதிரி பேசுகிறார்கள். அம்பாசிடர் 2014-ல் நின்றுபோனது, ஃபியட் அதற்கும் முன்னால். என் வேட்டிக்கறை மட்டும் இந்த வருஷத்தது.

தீர்ப்பா? சாப்பிட்டு முடித்ததும் இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள். யாரிடம் சொல்வது? உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பந்தியில் பழைய கார்க்காரர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தால் உட்காராதீர்கள். அடுத்த பந்திக்குக் காத்திருங்கள். அம்பாசிடருக்குக் காத்திருந்த அளவுக்கு நேரமாகாது.